மடியில் வந்த பாசி

சென்ற ஆண்டு ஆடி மழை சற்று விட்ட ஒரு பிற்பகலில், நுவரெலியாவிலிருந்து ராகலை போகும் பஸ்ஸில் நடந்தது இது. ஜன்னலோர இருக்கை கிடைத்தும் எனக்கு மகிழ்ச்சியில்லை. பொலித்தீன் கூடாரம் போட்டு நானும் மனைவியும் வளர்த்த குடைமிளகாய்ச் செடிகள் இலையோரம் கருகிக்கொண்டிருந்தன. உரம் கரைத்த தண்ணீரையே திரும்பத் திரும்பப் பாய்ச்சியதில் தொட்டியில் உப்பு ஏறிவிட்டது. அந்தச் சிக்கன முறையைப் புத்தகத்தில் படித்துச் சொன்னவன் நான்தான். தண்ணீரைத் திறந்துவிட்டால், கீழே தேயிலைத் தோட்ட லயத்து மக்கள் குடிநீர் பிடிக்கும் ஊற்றுப் பீலியில் போய்ச் சேரும். யோசனை கேட்கப் போன நுவரெலியா விவசாய அலுவலகத்தில், கூடாரத்தைக் கழற்றிவிடச் சொன்னார்கள்.

"கடலே இல்லாத ஊர்ல உப்புத் தண்ணி உண்டாக்கின ஒரே ஆளு நீங்கதான்" என்று மனைவி காலையில் வழியனுப்பியிருந்தாள்.

கந்தப்பளையில் ஓர் இளம்பெண் ஏறினாள். நம் பஸ்களில் நிற்பவரின் சுமைக்கு உட்கார்ந்திருப்பவரின் மடிதானே இடம். பச்சைத் தண்ணீர் நிறைந்த போத்தலொன்றை என்னிடம் தந்தாள். அதன் வாயில் பஞ்சு.

"இறுக்கிறாதீங்க சேர், மூச்சு முட்டும்."

"யாருக்கும்மா?"

"பாசிக்கு."

கொண்டக்டர் எட்டிப் பார்த்தார். "இலைக்கஞ்சியாண்ணே? நமக்கும் ஒரு கோப்பை."

அடுத்த வளைவிலேயே பாதிக் கஞ்சி என் காற்சட்டைக்குப் போனது. அவள் கோபிக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் படிக்கிறாளாம், அண்ணன் சலாதுக் கீரை வளர்க்கும் தொட்டிக்காகக் கொண்டுபோகிறாளாம். உரத் தண்ணீரில் மிஞ்சும் உப்புகளைத் தின்று பாசி வளரும். அதை வடித்தெடுத்தால் உப்புக் குறையும்.

"முழுசா போவாது சேர். செடி தாங்குற அளவுக்கு வரும்."

என் கதையைச் சொன்னேன். பாசி கொஞ்சம் தா என்று கேட்கவில்லை, பாதியைச் சிந்திவிட்டுக் கேட்கிற நிலையிலா இருந்தேன்? ராகலையில் இறங்கியதும், என் வெற்றுத் தண்ணீர்ப் போத்தலை வாங்கி, எஞ்சியிருந்ததில் பாதியை ஊற்றினாள்.

"உங்க அண்ணனுக்குப் பத்துமா?"

"வெயில்ல வச்சா பெருகிரும். ரெண்டு பேருக்கும்தான்."

ராகலையில் வெயிலுக்கு எங்கே போவது என்று கேட்க நினைத்து, அன்று மட்டும் வாயை மூடிக்கொண்டேன்.

பாசி பெருகப் பல வாரங்கள் பிடித்தன. வளர்த்தோம், வடித்தோம், மறுபடி வளர்த்தோம். ஒருநாள் புதுத் துளிர் கருகாமல் விரிந்தது. மனைவி பாசியைப் பாராட்டினாள், என்னை அல்ல. கூடாரம் இன்றும் நிற்கிறது, காய்க்கிறது.

காலம் கெட்டுப்போச்சு என்று யார் சொன்னாலும் முதல் ஆளாகத் தலையாட்டுகிறவன் நான். கையில் மிஞ்சியதில் பாதியை, சிந்தியவனுக்கே கொடுத்துவிட்டுப் போன அந்தப் பெயர் தெரியாத பெண்ணை நினைத்தால், இப்போதெல்லாம் தலை பாதியிலேயே நின்றுவிடுகிறது.