கோவிந்தம்மா வாங்கிய இரண்டு இரும்புக் கால்கள்

மத்தியானம் சாப்பிட்டு முடித்தால் மற்ற ஆம்பிளைகள் பாயைத் தேடுவார்கள். கோவிந்தம்மாவின் புருஷன் முனிகிருஷ்ணன் காரைத் தேடுவான். பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் நுழைந்து மல்லாந்து படுத்துவிடுவான். ஏரிக்கரையில் அந்த ஒரு காருக்குத்தான் இப்படி மனுஷக் கால் முளைத்திருக்கும் என்று குப்பம் முழுக்கச் சிரித்தது. சிரிக்காத ஒரே ஆள் கோவிந்தம்மா.

காருக்கு அடியில் அவனுக்கு வேலை இல்லாமலும் இல்லை. புயலில் படகு போன பிறகு எளாவூர் செக்போஸ்டில் லாரிக்காரர்களோடு சுற்றி வண்டி ஓட்டப் பழகினான். யாரோ தள்ளிவிட்ட பழைய காரை வாங்கி, பின்சீட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, விடிந்ததும் இறால் கூடைகளை ஐஸ் போட்டு மெட்ராசுக்கு ஏற்றிப் போவான். ஐஸ் உருகி, உப்புத் தண்ணீர் கசிந்து, காரின் அடித்தகட்டைத் தின்றுகொண்டே இருந்தது. அவனும் தினம் துருவைச் சுரண்டித் தார் பூசிக்கொண்டே இருந்தான், படகுக்குப் பூசியதைப் போலவே. கால்மணி நேரம் சுரண்டும் சத்தம் கேட்கும். அப்புறம் கேட்காது. தூங்கிவிட்டான் என்று அர்த்தம்.

அந்தத் தூக்கம்தான் விஷயம். புயலுக்குப் பிறகு முனிகிருஷ்ணன் வீட்டுக்குள் நிம்மதியாகத் தூங்கியதே இல்லை. டம்ளர் உருண்டால் எழுந்து உட்காருவான். ஓலை அசைந்தால் கதவைத் திறந்து ஏரியைப் பார்ப்பான். காருக்கு அடியில் மட்டும் குளிர்ந்த மணலும், தார் வாசனையும், சக்கரங்களுக்கு நடுவே புகுந்து வரும் ஏரிக்காற்றுமாக அவனைத் தாலாட்டின. கரையேற்றிய படகின் நிழலில் தூங்கி வளர்ந்த உடம்பு அது. கோவிந்தம்மா பல நாள் குனிந்து அவன் முகத்தைப் பார்த்திருக்கிறாள். உதடு லேசாகத் திறந்திருக்கும். எங்கேயோ தூரத்தில், அலையில்லாத தண்ணீரில் போய்க்கொண்டிருப்பவன் மாதிரி இருப்பான். அந்த முகத்தின் மேல் அவளுக்குக் கொள்ளை ஆசை. முகத்துக்கு மேலே தொங்கிய இரும்பின் மேல் அதே அளவு பயம்.

அவன் வைத்திருந்த முட்டு அப்படி. படகுக்குக் கொடுப்பதுபோலப் பக்கத்துக்கு ஒன்றாகச் சவுக்குக் கட்டையைச் சாய்த்து, அடியில் நாலு செங்கல் அடுக்கியிருந்தான். ஒருநாள் அந்தச் செங்கல்லில் ஒன்று குறுக்கே விரிசல் விட்டிருந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"யோவ், படகு சாஞ்சா பக்கத்துல சாயும். நீ ஓடிக்கலாம். இது நேரா உன் நெஞ்சு மேலல்ல எறங்கும்?"

"ஜாக்கி கீதுல்ல? பேஜாரு பண்ணாதமே."

படுக்காதே என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வேறெங்கே போய்த் தூங்குவான் அவன்? மறுநாள் மீன்கூடையோடு நேரே எளாவூர் போனாள். அங்கே லாரி ஷெட் வைத்திருந்த ஆசீர்வாதம் மேஸ்திரி, பழைய இரும்பை ஒட்டி வண்டி தாங்கும் ஸ்டாண்டுகள் செய்து அடுக்கியிருந்தார். பச்சை பெயின்ட் அடித்த ஜோடி ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"கார்தானே? இத்த எடுத்துக்கோம்மா. தூக்கவும் சுளுவு."

அவள் ஸ்டாண்டைக் கவிழ்த்து, ஒட்டு வைத்த இடத்தை விரலால் தடவினாள். பெயின்டுக்கு அடியில் ஊசி நுழைகிற மாதிரி ஓட்டைகள் இருந்தன. தள்ளி வைத்தாள். அடுத்தது உயரமாக இருந்தது, பாதம் ஒடுக்கம். மேலே ஏறி நின்றாள். ஆடியது. இறங்கிவிட்டாள். மூலையில் ஒரு ஜோடி கிடந்தது. லாரிக் குழாயில் செய்தது, பெயின்டே பார்க்காதது, கால் அகட்டி நின்றது. உயரத்தை நிறுத்தக் குறுக்கே சொருகும் கம்பி அவள் கட்டைவிரல் தடிமன் இருந்தது. மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டே அதன் மேல் ஏறி இப்படியும் அப்படியும் அசைந்து பார்த்தாள். ஷெட்டில் இருந்த டிரைவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"இன்னாம்மா, காருக்கா வாங்குறே, டான்ஸ் ஆடவா?" என்றார் மேஸ்திரி.

"எம் புருசன் தூங்குறதுக்கு நைனா," என்றாள்.

மேஸ்திரி சிரிக்கவில்லை. எழுந்து வந்து, அந்தக் குறுக்குக் கம்பியைத் தானே ஒருதரம் உருவிச் சொருகிப் பார்த்துக் கொடுத்தார். "ஜாக்கி தூக்கத்தான்மா, தாங்க இல்ல. எண்ணெ ஒழுகினா உக்காந்துடும். பின் அச்சுக்கு அடியில இத்த வெச்சு, ஜாக்கிய எறக்கி, பாரம் இதும்மேல நின்னாத்தான் உள்ளே போவணும்."

இரும்பு வந்துவிட்டது. மணல் என்ன செய்யும் என்று மேஸ்திரிக்குத் தெரியாது, கோவிந்தம்மாவுக்குத் தெரியும். எவ்வளவு நல்ல காலாக இருந்தாலும் மணல் விழுங்கிவிடும். அடியில் பலகை வேண்டும். வீட்டில் இருந்தது ஒரே பலகை, உடைந்த படகில் மிஞ்சியது. என்றைக்காவது புதுப் படகு கட்டும்போது இதையும் சேர்ப்பேன் என்று அவன் கூரைக்கடியில் கட்டி வைத்திருந்தான். அவன் மெட்ராஸ் போன நேரம் பார்த்து அதை இரண்டாக அறுத்துவிட்டாள்.

இரண்டு நாள் அவன் கோபத்தில் காருக்கடியில் நுழையவே இல்லை. மூன்றாம் நாள் சுரண்டும் சத்தம் கேட்டது. பலகை மேல் ஸ்டாண்டு, ஸ்டாண்டு மேல் கார். அதற்குப் பிறகு அவன் நுழையுமுன் அவள் போய் இடுப்பால் காரை ஒரு மோது மோதிப் பார்ப்பாள். அசையாவிட்டால்தான் உத்தரவு.

ஆனால் அவன் சோம்பேறி. ஜாக்கியை இறக்குவானேன், திரும்ப ஏற்றுவானேன் என்று, சில நாள் அவள் கண்ணில் படாமல் பாரத்தை ஜாக்கியிலேயே விட்டு, ஸ்டாண்டை அச்சுக்கு இரண்டு விரல் கீழே நிறுத்திவிட்டு உள்ளே போய்விடுவான்.

ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம். ஏரி அசையாமல் கிடந்தது, நாரைகள் ஒற்றைக் காலில் சொக்கி நின்றன. கோவிந்தம்மா கரையில் வலையை உதறிக்கொண்டிருந்தாள். பின்னால் 'தொம்' என்று ஒரு சத்தம்.

எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. ஜாக்கி உட்கார்ந்துபோய், எண்ணெய் மணலில் ஊறிக்கொண்டிருந்தது. காரின் முழுப் பாரமும் அந்த இரண்டு இரும்புக் கால்களின் மேல் நின்றது. பலகைகள் விரற்கடை அளவு மணலில் இறங்கி, அதற்கு மேல் இறங்கமாட்டேன் என்று நின்றிருந்தன. அவள் மண்டியிட்டுக் குனிந்தாள். அவன் நெஞ்சுக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. உதடு லேசாகத் திறந்திருந்தது.

காலைப் பிடித்து இழுக்கப் போன கை பாதியில் நின்றது. இடுப்பைக் கொடுத்துக் காரை மோதிப் பார்த்தாள். அசையவில்லை. அப்படியே சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தாள். வெயில் சாய்கிறவரைக்கும் உட்கார்ந்திருந்தாள்.

அவன் கண்ணைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தான்.

"கனாமே. படகு வந்து கரையில ஏறி நின்னுச்சு. தொம்முன்னு ஒரு சத்தம், அவ்ளோதான். அப்புறம் ஒரே அமைதி."

அவள் ஜாக்கியைக் காட்டினாள்.

பார்த்தான். ஸ்டாண்டைப் பார்த்தான், அதற்கடியில் தன் பலகையைப் பார்த்தான். திட்டு வாங்கப்போகிறவன் முகமாக அது இல்லை. ஏதோ காணாமற்போன பொருளைக் கண்டெடுத்தவன் முகமாக இருந்தது.

"அவ்ளோ சத்தத்துக்கும் நான் எயுந்துக்கலியாமே?" என்றான்.

கோவிந்தம்மாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. "இல்லய்யா, தூங்கிக்கினுதான் இருந்தே," என்றாள்.