இருபத்தேழாம் இலக்கத்துக்கு நான் போட்ட புள்ளி

மெற்றில்டா அக்காவின் மகன் கெவின் ஹொக்கி விளையாடும்போது விழுந்து இதயம் நின்றதும், அவன் நெஞ்சை அழுத்தி உயிரைப் பிடித்துவைத்தவன் நான் என்று நம் கோயில் பங்கில் எல்லாரும் சொல்கிறீர்கள். பூசை முடிந்து வெளியே வரும்போது யாராவது ஒருவர் என் கையைப் பிடித்து அதைச் சொல்லாமல் விடுவதில்லை. அது பொய்யில்லை. ஆனால் அதற்கு முன் நடந்தது உங்களில் ஒருசிலருக்குத்தான் தெரியும். அதை மறைத்துக்கொண்டு ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்ல முடியாது. எனவே முழுவதையும் சொல்கிறேன். பொறுமையாக வாசியுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மன்னாரில் பிறந்து ஒன்பது வயதில் மொன்றியலுக்கு வந்தவன். புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் வேலை. சின்ன வயதில் சென்ட் லோரன்டில் பள்ளிக்கூடத்துப் பையன்களோடு ஸ்கேற் பழகி, ஐஸ் ஹொக்கியில் பைத்தியமாகிப் போனேன். பெரிய விளையாட்டுக்காரனாக வரவில்லை. ஆனால் விளையாட்டைப் பார்க்கும் கண் இருக்கிறது என்று எங்கள் பகுதி ஹொக்கிச் சங்கத்தில் என்னைப் பிள்ளைகளுக்குப் புள்ளி போடும் ஆட்களில் ஒருவனாகச் சேர்த்துக்கொண்டார்கள். சம்பளம் இல்லாத வேலை. பருவம் தொடங்கும் முன் தெரிவுப் பயிற்சி நடக்கும். நாற்பது பிள்ளைகள் வருவார்கள், ரீமில் பதினேழு பேருக்குத்தான் இடம். பிள்ளைகளின் சட்டையில் பெயர் இருக்காது. இலக்கம் மட்டும்தான். நாங்கள் மேலே இருக்கைகளில் தள்ளித்தள்ளி இருந்து, ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஓட்டம் எப்படி, பக் என்கிற றப்பர் வட்டைக் கொடுத்து வாங்குவது எப்படி, முயற்சி எப்படி என்று தாளில் புள்ளி போடுவோம்.

2007 ஆகஸ்ட் மாதக் கடைசி. தெரிவுப் பயிற்சிக்கு முந்தின ஞாயிறு பூசை முடிந்து காரடிக்குப் போனபோது மெற்றில்டா அக்கா பின்னால் வந்தார். அவர் கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகம் ஒன்றில் சமைக்கிறவர். கணவர் பிரான்சிஸ் அண்ணை மேற்கு மாகாணங்களுக்கு லொறி ஓட்டுகிறவர், மாதத்தில் சில நாள்தான் வீட்டில் இருப்பார்.

"தம்பி, நாளைக்குக் கெவின் வாறான். நீர்தானே மார்க்ஸ் போடுறனீர்?"

"ஓம் அக்கா. ஆனா நாங்கள் நம்பரைத்தான் பாக்கிறம், ஆளைப் பாக்கிறேல்லை."

"சலுகை கேட்டு வரேல்லைத் தம்பி. போன கிழமை முழுக்க அவனுக்குக் காய்ச்சல். இன்னும் சரியாச் சுகமில்லை. படியேறவே களைச்சுப் போறான். வேண்டாமடா எண்டு சொன்னாலும் கேக்கிறானில்லை. நீர் ஒருக்கா அங்க சொல்லி வையும்."

"பாப்பம் அக்கா" என்று சொல்லிக் காரில் ஏறினேன். மனதுக்குள் எனக்கு எரிச்சல். தேர்வுக்கு முன் சாட்டுச் சொல்லி வைக்கிற பெற்றோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இவரும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

இன்னொன்றும் இருந்தது. அங்கே புள்ளி போடுகிறவர்களில் நான் ஒருவன்தான் தமிழன். முதல் நாள் காலை தலைமைத் தேர்வாளர் மிஷெல் என் பக்கம் சாய்ந்து, "இருபத்தேழாம் இலக்கம் உங்கள் ஆள்போல இருக்கிறதே, தெரிந்த பையனா?" என்று பிரெஞ்சில் கேட்டார். சிரித்துக்கொண்டு சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. "கோயிலில் கண்டிருக்கிறேன், அவ்வளவுதான்" என்றேன். தன் ஆளைத் தூக்கிவிட்டான் என்று ஒருவரும் சொல்லக்கூடாது. அதுதான் அப்போது எனக்குப் பெரிதாக இருந்தது. காய்ச்சலைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

முதல் நாள் கெவின் நன்றாக விளையாடினான். ஐந்துக்கு நாலு போட வேண்டிய இடத்தில் மூன்று போட்டேன். தெரிந்துதான் போட்டேன். இரண்டாம் நாள் அவன் மெதுவாகிவிட்டான். மூன்றாம் நாள் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து நின்றான். மற்றவர்கள் திரும்பி ஓடும்போது இவன் நடுவில் மெல்ல வழுக்கிக்கொண்டிருந்தான். நான் ஒன்று போட்டேன். பக்கத்தில் பிரெஞ்சில் எழுதினேன்: "சோம்பேறி. முயற்சி இல்லை."

பிள்ளைக்கு வயது பதினைந்து.

அன்றைய கடைசிப் பயிற்சியில் பக்கைத் துரத்திக்கொண்டு போனவன் மூலைப் பலகையோரம் முகம் குப்புற விழுந்தான். யாரும் அவனை இடிக்கவில்லை. சகோதரங்களே, அந்த நேரம் நான் என்ன நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "எழும்படா, நடிக்காதை" என்று நினைத்தேன். அந்தச் சில விநாடிகள் நான் இருக்கையில்தான் இருந்தேன். முதலில் எழுந்து ஓடியது மிஷெல். கோல் காக்கும் பையன் தன் மட்டையால் ஐஸில் அடித்து அடித்துக் கத்தினான். பிறகுதான் நான் ஓடினேன்.

கெவினின் உதடு நீலமாக இருந்தது. மூச்சு இல்லை. வேலையிடத்தில் முதலுதவி பழக்கியிருந்தார்கள். நான் சப்பாத்தோடு ஐஸில் முழங்காலில் நின்று அவன் நெஞ்சை அழுத்தினேன். ஐஸ் துடைக்கும் வண்டி ஓட்டுகிறவர், இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். இரண்டாவது அதிர்ச்சிக்குப் பிறகு நாடி வந்தது. அம்புலன்ஸ் வந்தது. இதுதான் நீங்கள் எல்லாரும் அறிந்த பகுதி.

காய்ச்சலைக் கொண்டுவந்த வைரஸ் இதயத் தசைக்குள் போயிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மூச்சுக்கு ஒரு மெசின், இதயத்துக்கு ஒரு மெசின். அவனை மயக்கத்திலேயே வைத்திருந்தார்கள். மெற்றில்டா அக்கா கார்டெரி ஏப்ரனோடு ஓடிவந்தார். என் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நீர் அங்க நிண்டது மாதா செய்த வேலை தம்பி."

நான் தலையாட்டினேன். 

நான் எழுதிய தாள் என்னிடமே இருந்தது. அந்தக் குழப்பத்தில் மிஷெல் அதை வாங்க மறந்துவிட்டார். நாலாக மடித்துக் காரில் ஒளித்துவைத்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போவேன். தாழ்வாரக் கதிரையில் இருந்து செபிப்பேன். என்ன செபித்தேன்? "ஆண்டவரே, பிள்ளையைக் காப்பாற்றும்" என்று தொடங்குவேன். அடுத்த மூச்சில், "அந்தத் தாளை யாரும் கேட்கக்கூடாது" என்று முடிப்பேன். இரண்டையும் ஒரே செபமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு அதுவும் வரவில்லை. "பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்கினால் பாதியில் சொல் மறந்துவிடும். பிறந்ததிலிருந்து சொல்லிவந்த செபம்!

நம் பங்கில் கெவினுக்காகச் செபமாலை வைத்தீர்கள். முன்னின்று சொல்லும்படி பங்குச் சுவாமியார் என்னைக் கேட்டார். தொண்டை சரியில்லை என்று பொய் சொன்னேன்.

நாலாம் நாள் பிரான்சிஸ் அண்ணை விமானத்தில் வந்து சேர்ந்தார். பெரிய உடம்புக்காரர். என்னைக் கட்டிப்பிடித்துத் தோளில் முகம் வைத்து அழுதார். எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம்போல இருந்தது.

ஐந்தாம் நாள் பின்னேரம் டொக்டர் இருவரையும் கூப்பிட்டார். ஆஸ்பத்திரிப் பிரெஞ்சு அவர்களுக்கு முழுதாக விளங்காது என்று என்னையும் உள்ளே எடுத்தார்கள். நான்தான் மொழிபெயர்த்தேன். இதயம் தேறவில்லை. சிறுநீரகமும் பழுதாகிறது. நாற்பத்தெட்டு மணித்தியாலத்துக்குள் மாற்றம் இல்லை என்றால் மெசினை நம்பிப் பிரயோசனம் இல்லை. மூளைக்கு எவ்வளவு சேதம் என்பதும் தெரியாது. மனதைத் தயார்ப்படுத்துங்கள். இவ்வளவையும் என் வாயால் தமிழில் அந்தத் தாய்க்குச் சொன்னேன். பிரான்சிஸ் அண்ணை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா அழவில்லை. "விளங்கீற்று" என்று மட்டும் சொன்னார்.

அன்று மத்தியானம்தான் பக்கத்து அறையில் இருந்த சிறுமி இறந்துபோனாள். அவளுடைய தாய் ஒரு ஹெயிட்டிப் பெண். அவரும் ஐந்து நாளாகச் செபமாலையோடுதான் இருந்தார். வெறும் கையோடு லிப்டுக்குள் போவதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அதற்குப் பிறகு எனக்கு எந்த நம்பிக்கையும் மிஞ்சவில்லை.

தாழ்வாரத்தில் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தேன். நான் முடிவெடுத்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது.

"அக்கா, நீங்கள் காய்ச்சல் எண்டு சொன்னதை நான் ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை. பிள்ளை களைச்சு நிண்டதைக் கண்டனான். சோம்பேறி எண்டு எழுதிப்போட்டன். விழுந்த நேரமும் நடிக்கிறான் எண்டுதான் நினைச்சன்."

 அக்கா அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"நீர் எழுதினது எனக்குத் தெரியாது" என்றார். "ஆனா நான் சொன்னதைக் கேட்டனீர்தானே? காதால கேட்டனீர்தானே தம்பி?"

"ஓம் அக்கா."

"எனக்கு இப்ப உம்மை மன்னிக்க ஏலாது. பொய் சொல்ல மாட்டன்." கையில் இருந்த செபமாலையை விரித்தார். "இவர் சுவரைப் பாத்துக்கொண்டு நிக்கிறார். தனியச் சொல்லிச் சொல்லி எனக்கும் களைச்சுப்போச்சு. இரும். நான் முதற்பாதி சொல்லுறன். நீர் மற்றப்பாதி சொல்லும்."

அவர் "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கினார். என் முறை வந்தபோது எனக்குக் குரல் உடைந்தது. அவர் காத்திருந்தார். பிறகு வந்தது. "பாவிகளாயிருக்கிற எங்களுக்காக" என்ற இடத்தை எத்தனை ஆயிரம் தரம் சொல்லியிருப்பேன்! அன்றுதான் அது என்னைப் பற்றியது என்று தெரிந்தது. ஐம்பத்துமூன்று மணியும் முடித்தோம். எனக்காக ஒன்றும் கேட்கவில்லை. தாள் நினைவுக்கே வரவில்லை. "அவனை எடுக்காதேயும். எடுத்தால் இந்தத் தாயைத் தாங்கும்." அவ்வளவுதான் கேட்டேன். நம்பிக்கையோடு கேட்டேன் என்று சொல்லமாட்டேன். கேட்பதற்கு வேறு இடம் இல்லாமல் கேட்டேன்.

மறுநாள் காலை வேலையில் நிற்கும்போது பிரான்சிஸ் அண்ணை போன் எடுத்தார்.  எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டுதான் போனைக் காதில் வைத்தேன்.

"தம்பி, மூத்திரம் போயிருக்குதாம்" என்றார். அழுதார். "டொக்டர் சிரிக்கிறார் தம்பி. மூத்திரம் போயிருக்குது எண்டு சிரிக்கிறார்."

சிறுநீரகம் வேலை செய்யத் தொடங்கியிருந்தது. அன்று பின்னேரம் இதயத்தின் அடிப்பும் கொஞ்சம் பலமானது. அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம். இதயத்து மெசினை எடுத்தார்கள். பிறகு மூச்சுக் குழாயையும் எடுத்தார்கள். பிள்ளை இப்படித் திரும்பி வருவான் என்று தான் எதிர்பார்க்கவில்லை என்று அதே டொக்டர் சொன்னார். அதையும் நான்தான் தமிழில் சொன்னேன்.

நான் உண்மையைச் சொன்னதற்குக் கூலியாக ஆண்டவர் பிள்ளையைத் தந்தார் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் பேரம் பேசுகிறவர் அல்ல. அந்த ஹெயிட்டித் தாய் என்ன பாவம் செய்தார்? எனக்குத் தெரியாது. நாங்கள் கேட்டோம், எங்களுக்குத் தந்தார். அதற்கு மேல் எனக்கு விளக்கம் இல்லை.

கெவின் கதைக்கத் தொடங்கி இரண்டாம் நாள் நான் உள்ளே போனேன். கீச்சுக் குரலில் பிரெஞ்சில் கேட்டான்: "எனக்கு ரீமில் இடம் கிடைத்ததா?"

அக்கா என்னைப் பார்த்தார். "நீரே சொல்லும்" என்றார்.

சொன்னேன். இடம் இல்லை என்றும், நான் என்ன எழுதினேன் என்றும், அம்மா சொன்னதை நான் மறைத்தேன் என்றும் சொன்னேன். அவன் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். அன்று அதோடு பேச்சு முடிந்தது. இன்றைக்கும் என்னோடு அதிகம் கதைப்பதில்லை. அது அவன் உரிமை. இனிப் போட்டிக்கு விளையாடக்கூடாது என்று டொக்டர்மார் தடுத்துவிட்டார்கள். அவன் ஸ்கேற்றை யாருக்கோ கொடுத்துவிட்டான். ஐஸ் அரங்கம் இருக்கிற பக்கமே வருவதில்லை. ஆனால் சகோதரங்களே, அவன் இருக்கிறான்! பதினேழு வயது. தாயோடு பிரெஞ்சில் சண்டை பிடிக்கிறான். போன ஞாயிறு கோயிலில் கடைசி வாங்கில் இருந்தபடியே நித்திரை கொண்டதை நீங்களும் பார்த்தீர்கள்.

அக்கா என்னை மன்னித்தது அடுத்த தவக்காலத்தில்தான். ஒரு நாள் பூசைக்குப் பிறகு ஒரு டப்பா மீன் கட்லட்டைக் கையில் தந்து, "சரி தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் மிஷெலிடமும் போய் எல்லாம் சொன்னேன். ஒரு பருவம் விலகியிருந்தேன். அவரே திரும்பக் கூப்பிட்டார். இப்போதும் புள்ளி போடுகிறேன். ஆனால் மெதுவாகிற பிள்ளையைக் கண்டால் பேனையை வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்க் கேட்கிறேன். பசி என்று சொல்கிற பிள்ளை உண்டு. வீட்டில் அப்பா போய்விட்டார் என்று அழுகிற பிள்ளையும் உண்டு. வெறும் சோம்பலும் உண்டுதான். கேட்காமல் எழுதுவதில்லை என்று மாதாவுக்கு நேர்ந்திருக்கிறேன்.

இதை வாசிக்கிறவர்களில் செபிக்க வாய் வராமல் இருக்கிற யாராவது இருக்கக்கூடும். நம்பிக்கை வந்த பிறகு முழங்காலில் நிற்கலாம் என்று காத்திருக்காதீர்கள். எனக்கு அது வரவேயில்லை, ஆனாலும் என் செபம் கேட்கப்பட்டது. யாருக்காவது செய்த பிழையை நெஞ்சில் பூட்டி வைத்திருந்தால், முதலில் அவரிடம் போங்கள். அவர் மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, அவர் பக்கத்தில் இருங்கள். அங்கிருந்து ஆண்டவரைக் கூப்பிடுங்கள். ஆண்டவர் என்னிடம் வந்த இடம் அதுதான். எனக்கு வேறு வழி தெரியாது.