போடி உழக்கும் என் புத்தகமும்

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு மதுரையில் கரி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். வண்டியின் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு உருளை. அதில் கரியைக் கொட்டி, ஒருவர் கைப்பிடியைச் சுற்று சுற்றென்று சுற்றியபின் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வண்டிக்கு உயிர் வந்தது. போடிநாயக்கனூர் ஐம்பத்தாறு மைல், கட்டணம் இரண்டு ரூபாய். முன்பெல்லாம் ரயில் போய்க்கொண்டிருந்தது. யுத்தத்துக்கு இரும்பு வேண்டுமென்று தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

தஞ்சாவூரிலிருந்து இவ்வளவு தூரம் என்னைக் கிளப்பியது என் வாய்க்கொழுப்புதான். என் சமையல் புத்தகம் மூன்று பதிப்பு விற்றிருக்கிறது. மாதம் ஒருமுறை ரேடியோவிலும் பேசுகிறேன். போன மாதப் பேச்சில், "என் அளவுப்படி செய்தால் தப்பவே தப்பாது. தப்பினால் நானே வந்து செய்து தருகிறேன்!" என்று வீராப்பாகச் சொல்லிவைத்தேன். ஒன்பதாம் நாள் ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே ஒரு கடிதம்:

"தங்கள் புத்தகத்தின் அறுபத்திரண்டாம் பக்கத்துக் கேக் செங்கல்லாக வந்துவிட்டது. அடுத்த வியாழன் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் பாளையங்கோட்டை. சர்ச்சிலிருந்து வந்ததும் கேக் வெட்டுவது அவர்கள் வழக்கம். ரேடியோவில் சொன்னபடி வரவும். ஞானம்மாள், போடி."

கூடவே ஒரு துண்டுக் கேக். இத்தனை தூரம் தபாலில் வந்தும் அது உடையவில்லை! எனக்குக் கோபமான கோபம். முட்டையைச் சரியாக அடிக்கத் தெரியாதவள் என் புத்தகத்தைக் குறை சொல்வதா? உடனே மூட்டை கட்டிவிட்டேன்.

உசிலம்பட்டி தாண்டிக் கணவாய் ஏற்றத்தில் வண்டி முனகி நின்றது.

"எல்லாரும் எறங்குங்க! வண்டிக்கு மூச்சுப் பத்தல," என்றார் கண்டக்டர். என்னைப் பார்த்து, "நீங்க தள்ள வேணாம் ஆத்தா, பைய நடந்து வாங்க," என்று சலுகை கொடுத்தார்.

ஆத்தாவாம்! எனக்கு நாற்பத்தாறு வயதுதான். வீம்புக்கு நானும் சேர்ந்து தள்ளினேன்.

ஒன்பதரை மணிக்கு ஆண்டிப்பட்டி. பசி உயிர் போயிற்று. ஒரு உழக்கு, அதாவது கால்படி, வேர்க்கடலை அரையணாவுக்கு வாங்கினேன். கைக்குட்டை நிறைந்து, மடியும் நிறைந்து, இரண்டு கடலை கீழேயும் உருண்டது. என்ன தாராளம் இந்தச் சீமைக்காரர்களுக்கு என்று உச்சி குளிர்ந்து, பக்கத்திலிருந்தவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தேன்.

தேனியில் வண்டி நின்று மறுபடியும் கரி தின்றது. அங்கிருந்து போடி ஒன்பது மைல். மேற்கே மலை நெருங்க நெருங்க எனக்கு உற்சாகம் பொங்கியது. பகல் பன்னிரண்டு மணிக்குக் கடைவீதியில் இறங்கினால் ஊரே ஏலக்காய் மணக்கிறது! பாயசத்துக்குள் இறங்கி நடப்பதுபோல இருந்தது எனக்கு.

ஞானம்மாளின் கணவர் ஏலக்காய் வியாபாரி. முன்கட்டு கடை, பின்கட்டு வீடு. ஞானம்மாள் ஒல்லியாக, சத்தமே இல்லாமல் வந்து வணங்கினாள். பேச்சை ஆரம்பித்தது அவளுடைய நாத்தனார்.

"நல்ல வேளை வந்தீக. இவ கைக்கு ஒண்ணும் வெளங்காது. சபையில அம்புட்டுப் பேரும் ரேஷன் சக்கரையை ஆளுக்குக் கொஞ்சமாக் குடுத்தாக. அதைக் கல்லாக்கிட்டா. மறுபடியும் கேட்டு வாங்கி ஒரு ராத்தல் சேத்திருக்கு. இதுவும் போச்சுன்னா இனிமே யார்கிட்டப் போயி நிக்க?"

ஞானம்மாள் தலைகுனிந்து நின்றாள். நானும் சும்மா இருக்கவில்லை. "முட்டையை அவசரமாக அடித்திருப்பாய் அம்மா," என்று என் பங்குக்கு ஒரு குட்டு வைத்தேன்.

இரண்டு மணிக்கு வேலை தொடங்கியது. வெண்ணெய் ஒரு ராத்தல், சர்க்கரை ஒரு ராத்தல், முட்டை எட்டு. முட்டையை அவளையே அடிக்கச் சொன்னேன். அரை மணி நேரம் கை ஓயாமல் அடித்தாள். நுரை வெள்ளை வெளேரென்று எழும்பி நின்றது. நானே அப்படி அடித்ததில்லை. கை இவ்வளவு சுத்தமாக இருந்தால் கேக் எப்படிக் கெட்டது?

"மைதா அரைப்படி. ரெண்டு உழக்குப் போடணும்னு போட்டிருக்கீக," என்று சொல்லி முதல் உழக்கைச் சேர்த்தாள். கிளறினேன். கரண்டி இறுகியது. என் வீட்டில் முக்கால் பங்கு மாவு விழுந்த பிறகுதான் இப்படி இறுகும். அவள் இரண்டாம் உழக்கைக் கவிழ்க்கப் போனபோது ஆண்டிப்பட்டிக் கடலை கண்முன் வந்தது.

"நிறுத்து! கையை எடு!" என்று கத்தி, அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

உழக்கோடு முன்கட்டுக்கு ஓடி, ஏலக்காய்த் தராசில் மாவைக் கொட்டச் சொன்னேன். அவள் கணவர் ஒன்றும் புரியாமல் நிறுத்தார். முக்கால் ராத்தல்! எங்கள் ஊர் உழக்கில் அரை ராத்தல்தான் பிடிக்கும். ஆக, இரண்டு உழக்குக்கு ஒன்றரை ராத்தல்; வேண்டியதோ ஒரே ராத்தல். வெண்ணெயையும் சர்க்கரையையும் ராத்தலில் எழுதிய புத்திசாலி, மாவை மட்டும் படியில் எழுதியிருக்கிறேன். ஊருக்கு ஊர் படி மாறும் என்பது சந்தைக்குப் போகிற எல்லாருக்கும் தெரியும். புத்தகம் எழுதியவளுக்குத் தோன்றவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

கால் ராத்தல் மட்டும் நிறுத்துச் சேர்த்து, தட்டில் ஊற்றி, மணல் பரப்பிய தேக்சாப் பாத்திரத்தில் வைத்து, மூடிமேல் தணல் போட்டோம். ஐம்பது நிமிஷமும் நாத்தனாரும் சேர்ந்து நாங்கள் மூவரும் அடுப்பைவிட்டு நகரவில்லை. மூடியைத் திறந்ததும் வந்த மணத்தில் ஏலக்காய்க் கடையே தோற்றது! ஈர்க்குச்சியைக் குத்தி எடுத்தேன். சுத்தமாக வந்தது.

"ஐயோ, பஞ்சாட்டம்ல இருக்கு!" என்று கூவினார் நாத்தனார். "எம்புட்டுத் தெறமை அம்மா உங்களுக்கு!"

"திறமை உங்கள் வீட்டுப் பெண்ணுடையது. கல்லாக்கியது நான்," என்றேன்.

ஞானம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வியாழக்கிழமை பாளையங்கோட்டைக்காரர்கள் இரண்டாம் துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டதையும் கண்ணால் பார்த்தேன்.

வெள்ளி காலை ஏழு மணிக்குப் பஸ் ஏறும்போது ஞானம்மாள் ஜன்னலோரம் வந்து நின்று, "இதை ரேடியோவுல சொல்லுவீகளாக்கா? சபையில இன்னும் நாந்தான் கெடுத்தேன்னு நெனச்சிட்டு இருக்காக," என்றாள். தனக்காக அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். கையில் ஒரு பித்தளை உழக்கையும் திணித்தாள்.

இப்போது அது என் வீட்டு உழக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. எங்களுடையது எத்தனை சிறுத்துப்போய்த் தெரிகிறது! அடுத்த ரேடியோப் பேச்சின் முதல் வரியை எழுதிவிட்டேன்: "போடி ஞானம்மாளின் கை சரி; என் புத்தகம் தப்பு." அன்று அவளுடைய சபை முழுவதையும் ரேடியோ முன்னால் உட்கார்த்தி வைக்கும்படி நாத்தனாருக்குக் கடிதம் போட்டிருக்கிறேன்.