தெளிய வைத்த இஞ்சிச் சாறு

இஞ்சிச் சாற்றை நான் கண்ணாடி டம்ளரில்தான் தெளிய வைப்பேன். எவர்சில்வரில் ஊற்றினால் அடியில் வெள்ளையாகப் படிவது கண்ணுக்குத் தெரியாது. அந்த வெள்ளை வயிற்றுக்கு ஆகாது, கொட்டிவிட வேண்டும், தோலையும் சீவிவிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. என் கணவரின் அண்ணன் மனைவியான ஓரகத்திக்கும் தெரியும்.

என் மகள் பிறந்தபோது எனக்கு அம்மா இல்லை. திருநகரில் என் புகுந்த வீட்டில் பிள்ளை பெற்றவளுக்கான மருந்தெல்லாம் ஓரகத்தி கையால்தான். விடிந்ததும் எவர்சில்வர் டம்ளரில் இஞ்சிச் சாறு வரும். குடித்தால் நெஞ்சிலிருந்து அடிவயிறு வரை எரியும். பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் எதிரே இருந்தும் ஒரு வாய் இறங்காது. பால் வற்றியது. பிள்ளை பசியில் அலறியது. பார்க்க வந்தவர்களிடம் அவர் உச்சுக் கொட்டுவார்: "நான் என்னத்தச் செய்ய? அம்புட்டும் பக்குவமாத்தான் குடுக்குறேன். இவ பிள்ளைக்குப் பாலில்லாதவ." அந்தப் பெயர் திருவாதவூர்ச் சொந்தம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. நானே அதை நம்பினேன், அதுதான் கொடுமை.

ஒரு நாள் காலையில் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனேன். செரிமானமில்லை என்ற தன் கணவருக்கு ஓரகத்தி சாறு எடுத்துக்கொண்டிருந்தார். இஞ்சியைத் தோல் சீவியிருந்தார். தெளிந்த சாற்றை மேலாக இறுத்து, தேன் விட்டு, அடி வெள்ளையைக் கவனமாகக் கொட்டினார். பக்கத்தில் என் டம்ளர். தோலோடு நசுக்கிய சாறு, கலங்கலாக. திரும்பிப் பார்த்தவர், "குடிச்சிட்டுப் போ" என்றார், முகம்கூட மாறாமல்.

அன்றைக்கு எனக்குப் போக்கிடம் இல்லை. வாங்கிக் குடித்தேன். மறக்கவில்லை. மன்னிக்கும் எண்ணம் இன்றைக்கும் இல்லை.

தன் கணவர் போய், மகனும் கைவிட்ட பிறகு, ஓரகத்தி இப்போது ஆனையூரில் என் வீட்டில்தான் இருக்கிறார். வயிற்று உப்புசம். இஞ்சிச் சாறு கேட்டார். தாராளமாகத் தருகிறேன். தினமும் அவர் கண் முன்னால் உட்கார்ந்து தோல் சீவுகிறேன், நசுக்கிப் பிழிகிறேன், கண்ணாடி டம்ளரை அவர் எதிரே வைக்கிறேன்.

இன்று காலை பொறுக்க முடியாமல் கை நீட்டினார். டம்ளரை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். வேலைக்குக் கிளம்பி நின்ற என் மகளும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படியட்டும்க்கா. இம்புட்டு நேரந்தான் ஆகும்."

அவர் கை அப்படியே நின்றது. அடியில் வெள்ளை இறங்குவதைப் பார்த்தார். என் மகளைப் பார்க்கவில்லை. தெளிந்ததை இறுத்து, தேன் விட்டுக் கொடுத்தேன். அழுதுகொண்டே குடித்தார். நாளைக்கும் அதே டம்ளரில்தான் வைப்பேன்.