ஆறு மாச டீச்சர்

அழைப்பு மணியை அழுத்துவதற்கு முன் டீச்சர் துணிக்கொடியைப் பார்ப்பார். மொட்டை மாடியோ, பக்கத்துச் சந்தோ, ஜன்னல் கம்பியோ, எங்கே துணி காய்ந்தாலும் சரி, ஒரு நிமிடம் நின்று எண்ணிவிட்டுத்தான் கை மணிக்குப் போகும். பெரியவர் சட்டை இரண்டு, பள்ளிச் சீருடை ஒன்று, பெண்கள் உடுப்பு நான்கு. இளவட்டத்தின் கால்சட்டை ஒன்றுகூட இல்லை. "வாய் கூட்டிச் சொல்லும், கொடி சொல்லாது" என்பது அவருடைய சொந்தத் தயாரிப்புப் பழமொழி.

பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இது அவருக்கு மூன்றாவது சுற்று. மற்ற நாட்களில் உயர்நிலைப் பள்ளியில் புவியியல் பாடம் எடுக்கிறார். கணக்கெடுப்பு வந்துவிட்டால் தோளில் ஒரு பை, கையில் கிளிப் அட்டை, வெயிலுக்கு ஒரு குடை. தெருக்காரர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'ஆறு மாச டீச்சர்'. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருப்பவரை வீட்டுக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது விதி. அந்த விதியில் அவருக்கு உடும்புப்பிடி.

"வீட்ல எத்தனை பேரும்மா?"

"அஞ்சு பேர்."

கொடி நாலு என்று சொல்லியிருக்கும். "எல்லாரும் இங்கதான் இருக்கீங்களா?"

"பெரியவன் மட்டும் வேலைக்குப் போயிருக்கான். வந்துடுவான். இப்பத்தான் போனான்... மூணு வருஷம் ஆச்சு."

டீச்சருக்குச் சிரிப்பு வரும், அடக்கிக்கொள்வார். "போன இடத்துல அவனை எண்ணிப்பாங்கம்மா. இங்கயும் எழுதினா ஒருத்தன் ரெண்டு பேரா ஆயிடுவான்."

"எங்க இருந்தாலும் எம் புள்ளதானே டீச்சர்?"

"புள்ளதான், யாரு இல்லேன்னா? ஆனா இந்த வீட்டு ஆள் இல்ல."

கதவு கொஞ்சம் வேகமாகவே சாத்தப்படும். டீச்சர் அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்வதில்லை, அடுத்த வீட்டுக் கொடியைப் பார்க்கப் போய்விடுவார்.

வகுப்பிலும் இதே கறார்தான். "மனுஷன் சும்மா ஊரை விட்டுக் கிளம்பமாட்டான். ஒண்ணு, இருக்கிற இடம் தள்ளும். இல்ல, போற இடம் இழுக்கும்" என்று கரும்பலகையில் இரண்டு அம்புக்குறி போடுவார். இருபத்தெட்டு வருடமாக அதே அம்புகள். அவருடைய ஒரே மகன் கிளம்பியபோது அவனைத் தள்ளியது எது என்பது அவருக்கும் அவனுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். படிப்பை முடித்து இரண்டு வருடம் வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தான். ஒருநாள் அவன் முன்னால் தட்டை வைத்துக்கொண்டே, "உன் வயசுப் பசங்கல்லாம் எங்கெங்கயோ போய்ப் பொழைக்கிறாங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். சாப்பிட்டு முடிக்கும் வரை அவன் தலை நிமிரவில்லை. நாலே மாதத்தில் விமானம் ஏறிவிட்டான்.

அதற்கு ஏழு வருடம் ஆகிறது. அங்கே தங்குவதற்கான அனுமதி தீர்ந்து நான்கு வருடம். வந்தால் திரும்பிப் போக முடியாது, போகாவிட்டால் இங்கே பிழைப்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் போனில் பேசுவான். கணக்கெடுப்புக்கு நடுவே ஒரு ஞாயிறு, டீச்சர் பேச்சோடு பேச்சாகக் கேட்டார்.

"அங்கயும் ஆளுங்கள எண்ணுவாங்கல்லடா?"

"போன வருஷமே வந்தாங்கம்மா. உன்னை மாதிரியே ஒரு அம்மா. கையில அட்டை, தோள்ல பை. கதவு ஓட்டை வழியாப் பாத்தேன்."

"என்ன சொன்னே?"

"என்னத்தச் சொல்றது? யாருக்கும் பேப்பர் இல்ல. எட்டு பேரும் மூச்சு விடாம உக்காந்திருந்தோம். தட்டித் தட்டிப் பாத்துட்டு, ஆள் இல்லாத வீடுன்னு கதவுல சீட்டு ஒட்டிட்டுப் போயிட்டாங்க." சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

டீச்சரால் சிரிக்க முடியவில்லை. போனை வைத்த பிறகும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். உலகத்தில் உள்ள அத்தனை தலைகளையும் எண்ணிக் கூட்டி முடித்தாலும், அவர் பெற்ற பிள்ளை எந்த ஊர்க் கூட்டலிலும் வரமாட்டான். போன இடத்தில் எண்ணிக்கொள்வார்கள் என்று எத்தனை தாய்மார்களிடம் வாய் கூசாமல் சொல்லியிருக்கிறார்!

அவருடைய வீடும் அவருக்கு ஒதுக்கிய பகுதியில்தான் இருந்தது. கடைசி நாள்வரை அதைத் தள்ளிப்போட்டார். பிறகு வீட்டுக்காரர் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, எல்லா வீட்டிலும் கேட்பது போலவே கேட்டார்.

"வீட்ல எத்தனை பேர்?"

"ரெண்டு" என்றார் வீட்டுக்காரர், செய்தித்தாளை விட்டுக் கண்ணை எடுக்காமல். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், விதிக்குக் கட்டுப்பட்ட மனிதர்.

"யோசிச்சுச் சொல்லுங்க."

செய்தித்தாள் மெல்லக் கீழே இறங்கியது. "நீதானே ஊருக்கெல்லாம் சொல்றே?" என்றார். டீச்சர் மூன்று வரிசை எழுதினார். கை தவறி எழுதியதல்ல. மகன் பெயரை முத்து முத்தாக, மற்ற இரண்டு பெயரையும்விட அழகாக எழுதினார்.

படிவங்களைச் சரிபார்க்கும் மேற்பார்வையாளர் அதே பள்ளியின் கணக்கு வாத்தியார், வயதில் சின்னவர். ஆசிரியர் அறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அந்தத் தாளோடு வந்தார்.

"டீச்சர், உங்க வீட்டுத் தாள்ல மூணு பேர் இருக்கே..." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வேணும்னா நான் பாக்காத மாதிரி விட்டுடறேன்."

"வேண்டாம் தம்பி. எத்தனை வீட்ல எத்தனை புள்ளைங்க பேரை அடிச்சிருக்கேன். எனக்கு மட்டும் என்ன?"

தவறான வரிசையை ஒரே கோட்டில், முனைக்கு முனை அடிக்க வேண்டும். டீச்சர் வலது ஓரத்திலிருந்து தொடங்கினார். தொழில் போயிற்று. படிப்பு போயிற்று. வயது முப்பத்தொன்று போயிற்று. உறவுமுறை என்ற கட்டத்தில் இருந்த 'மகன்' போயிற்று. கோடு பெயரை நெருங்கியபோது, அவருடைய இடது உள்ளங்கை அந்தக் கட்டத்தை மூடிக்கொண்டு கிடந்தது. பேனா கட்டைவிரலில் முட்டி நின்றது. கணக்கு வாத்தியார் காத்திருந்தார். அடுத்த வகுப்புக்கு மணி அடித்தது. டீச்சர் கையை எடுக்கவில்லை.