கடைசிச் சொல்

அமாரா நகரில் இலைகள் உதிரத் தொடங்கியதும் கவிதைக் கூட்டங்கள் களைகட்டிவிடும். கவிஞர் அடியை முடிக்கும் முன்பே அதன் கடைசிச் சொல்லைக் கூட்டம் கத்திவிட வேண்டும். அதுதான் அங்கே அவருக்கு மரியாதை. சிப்பாய்கள் இழுத்துப்போன கணவன் ஃபாலிஹ் ஒரு கவிஞன் என்பதால், நஜிய்யா எந்தக் கூட்டத்தையும் தவறவிடமாட்டாள்.

அன்று வெளியூர் இளைஞன் மிஜ்பில் வாசித்தான்.

“சருகின்மேல் என் காலடி கேட்டால் கதவைத் திறக்காதே கண்ணே, அது வெறும்...”

“நிழல்!”

“கனவு!”

“அவ மாமியார்டா!” கூட்டம் சிரித்தது.

“காற்று,” என்றாள் நஜிய்யா, பின்வரிசையிலிருந்து. ஃபாலிஹ் அவள் காதில் மட்டும் சொன்ன வரி அது.

மிஜ்பில் முகம் வெளுத்து ஓடி வந்தான். “அக்கா, நான் சிறையில இருந்தப்ப பக்கத்து அறையிலிருந்து அண்ணன் சொல்லிக்கொடுத்தது. உங்க பேரைச் சொன்னா உங்களையும் தூக்கிடுவாங்கன்னு பயந்தார். ‘இதை முடிக்கிறவதான் என் பொண்டாட்டி’ன்னார். ஊர் ஊரா உங்களைத்தான் தேடுறேன்.”

“உயிரோட இருக்காரா தம்பி?”

அவன் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதான்.

வீடு திரும்பி அவள் விளக்கேற்றியபோது வாசலில் சருகுகள் நொறுங்கின. காற்றுதான் என்று நஜிய்யாவுக்குத் தெரியும். ஆனாலும் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.