வெள்ளிக்கிழமை எண்ணெய்

மாயம்மாளுக்கு ஒரு பிடிவாதம். சனிக்கிழமையானால் மகன் முத்துவேலுக்கு எண்ணெய் தேய்த்துத் தலைமுழுக்காட்டியே தீருவாள். ஆணுக்குச் சனி, பெண்ணுக்கு வெள்ளி; அதில் அவளோடு வாதாட முடியாது. கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் லைன் வீடுகளில் குழாய்த் தண்ணீருக்கே அடிதடி. அதிலும் சனிக்கென்று இரண்டு குடம் ஒதுக்கி வைப்பாள். நானும் அவளும் ஜூ டவுன் பக்கம் ஒரு குடோனில் சுக்கு தரம் பிரிக்கிறவர்கள். புருஷன் போன பிறகு அந்த வேலையில்தான் பிள்ளையைப் பெங்களூர் வரை படிக்க வைத்தாள். நட்சத்திரம் வெடிப்பதைப் பற்றிய படிப்பாம்.

போன வியாழக்கிழமை சுரிதார் போட்டு, தோள்வரை முடி வளர்த்து வந்து நின்ற பிள்ளை, இனி என் பேர் ஸாதனா என்றது. மாயம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே சேதி எட்டி, அவள் புருஷனின் அண்ணன் சுடலைமணி போர்ட் கொச்சியிலிருந்து வந்து சேர்ந்தார். எனக்கு இந்த ஆளைக் கண்டாலே ஆகாது. தம்பி செத்தபோது எட்டிப் பார்க்காதவருக்கு இப்போது மட்டும் குடும்ப மானம் பொத்துக்கொண்டு வந்தது. வாசலில் நின்றே சொன்னார்.

“மகன் செத்துட்டான்னு தலைமுழுகிரு மாயம்மா. காலையில வருவேன். இது இங்க இருந்தா எங்க உறவு அத்தோட சரி.”

இந்த ஊரில் அவளுக்கு வேறு சொந்தம் கிடையாது. நான் போட்ட சாயா ஆறிப்போனது. மாயம்மாள், மகளின் முகத்தைப் பார்க்காமலே, நீ என்னதான் படிக்கிறாய் என்று கேட்டாள்.

நட்சத்திரம் வெடிக்கும்போது நியூட்ரினோ என்று கண்ணுக்குத் தெரியாத துகள்கள் கோடிகோடியாகக் கிளம்புமாம். பூமியையே துளைத்துக்கொண்டு போகுமாம், எதையும் சட்டை செய்யாதாம். அதில் மூன்று வகை. வெடிக்கிற நட்சத்திரத்தின் உள்ளே மட்டும் பஜார் ரோட்டில் லாரி நுழைந்தது போல அவ்வளவு நெருக்கடி. அங்கே ஒன்றையொன்று பாதித்து, ஒரு வகையாகக் கிளம்பியது இன்னொரு வகையாக மாறிவிடுமாம்.

“அப்ப பழசு செத்துப்போகுதா?” என்று கேட்டாள் மாயம்மாள்.

“இல்லம்மா. சாகல, அதேதான். பொறக்கும்போதே அது கலவையாத்தான் பொறக்குது. கடைசியில எந்த வகையா பிடிபடுதோ, அந்தப் பேரு வைக்காங்க.”

மாயம்மாள் எழுந்து, ஆறிப்போன சாயாவை மறுபடி சுட வைத்தாள். எனக்குத்தான் பயம். தாயே ஆனாலும் ஊரையும் உறவையும் எதிர்த்து நிற்பது லேசா?

விடிந்ததும் சுடலைமணி வந்துவிட்டார். பின்பக்கம் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. “என்ன, தலைமுழுகியாச்சா?” என்று வாசலிலிருந்து அதட்டினார்.

மாயம்மாள் வெளியே வந்தாள். முழங்கைவரை எண்ணெயும் சீயக்காயும்.

“முழுகிக்கிட்டிருக்கா அத்தான். இன்னைக்கு வெள்ளிக்கிழமைல்லா.”